இருட்டில் ஒரு ஜெர்மன் கீபோர்டு

இரவு பதினொன்றுக்கு மேல்தான் எனக்குக் கை ஓடும். பகல் முழுக்க போன், கூரியர், ஸ்கூல் வேன், மாடியில் டைல்ஸ் வெட்டும் சத்தம். மொழிபெயர்ப்பு வேலையில் ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு மணி அடித்தால் அந்த வாக்கியம் போயே போய்விடும். அதனால் இரவு. ஆனால் எங்கள் வீட்டில் படுக்கையறை ஒன்றுதான், என் மேசையும் அதன் மூலையில்தான். மனைவியும் மகளும் படுத்த பிறகு ட்யூப்லைட் போட முடியாது. பழைய குண்டு பல்பு டேபிள் லேம்ப் ஒன்றைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தேன். அதன் மேல் ஒரு துண்டைப் போட்டும் பார்த்தேன். துணி கருகும் வாடை வந்ததும் அந்த ஆராய்ச்சி முடிந்தது.

தமிழ் அடிக்க எனக்கு வெளிச்சமே வேண்டாம். தமிழ்99 முறையில் பழகி வருடக்கணக்காகிவிட்டது, விரல்கள் தாமாகப் போகும். கீபோர்டைப் பார்த்தாலும் பயனில்லை, அதில் தமிழே இருக்காது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை முறைதான் தமிழ்99. இத்தனை வருடத்தில் அந்த எழுத்துகள் அச்சிட்ட லேப்டாப் ஒன்றைக்கூட நான் கடையில் பார்த்ததில்லை. ஆங்கிலம்தான் சிக்கல். ஆங்கிலத் தட்டச்சை நான் முறையாகக் கற்றுக்கொள்ளவே இல்லை. கோழி கொத்துவதுபோல ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் கொத்துவேன். கடவுச்சொல், மின்னஞ்சல் முகவரி, அடைப்புக்குறி, சதவீதக் குறி, இதற்கெல்லாம் கண் வேண்டும். போனை வாயில் கவ்விக்கொண்டு அதன் டார்ச் வெளிச்சத்தில் கடவுச்சொல் அடித்த இரவுகள் உண்டு.

அடியிலிருந்து ஒளிரும் கீபோர்டு ஒன்றை நாமே மாற்றிக்கொண்டால் என்ன என்று தோன்றியது அப்படி ஒரு இரவில்தான்.

முதல் முயற்சி படுதோல்வி. அதைச் சொல்லாமல் இரண்டாவதுக்குப் போக முடியாது.

அப்போது என்னிடம் இருந்தது ஒரு மலிவு விலை லேப்டாப். கம்பெனி பெயர் வேண்டாம். அதே மாடலில் விலை கூடிய வகைக்கு ஒளிரும் கீபோர்டு உண்டு என்று தெரிந்ததும், அந்தக் கீபோர்டை மட்டும் இணையத்தில் வரவழைத்தேன். அதே அளவு, அதே வடிவம், அப்படியே உட்காரும் என்று நினைத்தேன். வடிவம் என்னவோ சரியாகத்தான் இருந்தது.

அடிமூடியைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு திருகுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். எது எந்த இடத்துக்கு என்று மறக்காமலிருக்க இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வைத்தேன். (ஓட்டை இல்லாத தட்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்காதீர்கள்.) பேட்டரி, மதர்போர்டு, விசிறி எல்லாவற்றையும் கழற்றி எடுத்தால்தான் கீபோர்டின் முதுகே தெரிகிறது. அது திருகு போட்டு மாட்டியதில்லை. மேல்மூடியிலிருந்து சின்னச் சின்ன பிளாஸ்டிக் குச்சிகள் முளைத்து கீபோர்டின் தகட்டுத் துளைகள் வழியாக வெளியே வருகின்றன. அவற்றின் தலையைத் தொழிற்சாலையில் சூடு வைத்து உருக்கித் தட்டையாக்கிவிட்டிருக்கிறார்கள். கழற்றுவதற்கென்று செய்ததே இல்லை. அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகச் சீவி எடுத்தேன். புதியதை வைத்து, மிச்சமிருந்த குச்சிகளின் மேல் சால்டரிங் அயர்ன் முனையைத் தொட்டுத் தொட்டு மறுபடி உருக்கி ஒட்டினேன். இரண்டு மணி நேரம். அறையெல்லாம் பிளாஸ்டிக் வாடை.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். புதிய கீபோர்டிலிருந்து இரண்டு ரிப்பன் வருகிறது. அகலமானது எழுத்துகளுக்கு. நாலு கம்பி மட்டும் உள்ள ஒல்லியான இன்னொன்று விளக்குக்கு. அகலமானதற்கு மதர்போர்டில் சாக்கெட் இருந்தது. ஒல்லியானதற்கு சாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஈயப் புள்ளிகள் பளபளத்தன. இடம் விட்டிருக்கிறார்கள், எண் அச்சிட்டிருக்கிறார்கள், சாக்கெட்டை மட்டும் வைக்கவில்லை. ஒரே போர்டை இரண்டு வகைக்கும் அடித்து, மலிவு வகையில் சில பாகங்களைப் போடாமல் விட்டுவிடுவது இந்தத் தொழிலில் சாதாரணம் என்று அப்புறம் தெரிந்தது. சாக்கெட்டைத் தேடிப் பிடித்து வைத்துவிட்டாலும் போதாது, அதற்கு மின்சாரம் அனுப்பும் டிரான்சிஸ்டர் முதலியவையும் இல்லாமல் இருக்கலாம்.

ஆக, ஒளிரும் கீபோர்டு வாங்கப்போகிறவர்கள் முதலில் மூடியைத் திறந்து அந்தச் சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கொடுப்பது அதற்குப் பிறகு. இந்தக் கட்டுரையில் உருப்படியான தகவல் இது ஒன்றுதான், மீதியெல்லாம் என் புலம்பல்.

அந்தக் கீபோர்டு ஒளிராமலேயே ஒன்றரை வருடம் ஓடியது. லேப்டாப் செத்த பிறகு அதைப் பிய்த்துப் பார்த்தேன். பிய்த்தது வீண்போகவில்லை. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு விளக்கு இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அரிசி நொய்யைவிடச் சின்னதாகச் சில எல்இடிகள் வரிசையாக இருக்கின்றன, அவ்வளவுதான். அவற்றின் வெளிச்சம் கண்ணாடிபோல் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாளுக்குள் பக்கவாட்டில் பாய்கிறது. தாளில் நுண்ணிய புள்ளிகளைக் கோலப்புள்ளி மாதிரி வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் எங்கே புள்ளியில் முட்டுகிறதோ அங்கே மேலே எழும்புகிறது. கீழே வெள்ளைத் தாள் ஒன்று, தப்பி இறங்கும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப. மேலே விசைகள். அவற்றின் பிளாஸ்டிக் ஒளி ஊடுருவுவது. அதன் மேல் கறுப்பு வண்ணம் பூசி, எழுத்தின் வடிவத்தில் அந்த வண்ணத்தை மட்டும் லேசரால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். சாதாரண கீபோர்டில் கறுப்பு பிளாஸ்டிக் மேல் வெள்ளையாக எழுத்தை அச்சடிப்பார்கள், ஒளி அதற்குள் நுழையாது. அதனால்தான் பழைய கீபோர்டுக்கு அடியில் விளக்கு வைத்து ஒப்பேற்ற முடியாது, மொத்தமாக மாற்றியாக வேண்டும்.

அந்த ஒல்லி ரிப்பனின் முனையில் இரண்டு பென்டார்ச் செல்லின் வயரைத் தொட்டேன். வெள்ளை எல்இடிக்கு மூன்று வோல்ட் என்பது இழுபறிதான். ஆனாலும் மங்கலாக மினுங்கியது. ஒன்றரை வருடம் என் விரலுக்கு அடியில் எரியாமல் கிடந்த விளக்கு. கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

அடுத்த லேப்டாப்பை இந்தத் தடவை யோசித்து வாங்கினேன். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பழையது ஒன்று, லெனோவாவின் திங்க்பேட் டி430. 2012இல் வந்த மாடல். அலுவலகங்கள் மொத்தமாக வாங்கி, சில வருடம் கழித்து மொத்தமாகத் தள்ளிவிடும் இயந்திரம். பழுது பார்க்கும் கையேட்டை லெனோவாவே பொதுவில் வைத்திருக்கிறது, எந்தத் திருகு எங்கே என்பது வரை படத்தோடு. இதற்கு ஒளிரும் கீபோர்டு ஒரு கூடுதல் வசதியாக விற்கப்பட்டது. ஒளிராத கீபோர்டோடு வந்தாலும் மதர்போர்டில் இருப்பது அதே சாக்கெட்தான், விளக்குக்கான கம்பிகளும் அதற்குள்ளேயே. இதற்குச் சாட்சி வேண்டுமென்றால், இந்த மாடலில் பழைய டி420இன் ஏழு வரிசை கீபோர்டை மாட்ட ஆசைப்படுகிறவர்களைக் கேளுங்கள். அவர்கள் சில பின்களை டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் மாட்டுகிறார்கள். மறைக்காவிட்டால் விளக்குக்கு என்று காத்திருக்கும் மின்சாரம் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும்.

டி430இல் ஏற்கெனவே ஒரு விளக்கு உண்டு என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வீர்கள். திங்க்லைட். திரைக்கு மேலே விளிம்பில் இருக்கும் ஒற்றை எல்இடி, கீழே கீபோர்டைப் பார்த்து ஒளி வீசும். திங்க்பேட் ஐபிஎம் கையில் இருந்த காலத்திலிருந்து வந்த வழக்கம். 2013இல் வந்த மாடல்களில் அதை எடுத்துவிட்டார்கள், ஆக டி430 அந்த விளக்கைக் கடைசியாகப் பார்த்த தலைமுறை. எனக்கு அது பிடித்தமான யோசனைதான். கீபோர்டோடு சேர்த்துப் பக்கத்தில் இருக்கும் காகிதத்தையும் காட்டும், அடியில் எரிவதால் அது முடியாது. ஆனால் எனக்கு வந்த மெஷினில் எரியவில்லை. திரையை யாரோ மாற்றியபோது அதன் வயரைச் செருகாமல் விட்டிருக்கலாம். திரையைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் கீபோர்டு.

வாங்கிய கடைக்கே போய்க் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பையன் உள்ளே போய்த் துழாவிவிட்டு வந்தான்.

“சார், இங்கிலீஷ் பீஸ் ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆவும், ஆர்டர் போட்டுத்தான் வரும். ஜெர்மன் பீஸ் ஒண்ணு கைல இருக்கு. எழுநூறு ரூபா. பழசுதான், ஆனா லைட்டு சும்மா பளிச்சுனு எரியும்.”

“ஜெர்மன்னா?”

“எழுத்தெல்லாம் கொஞ்சம் மாறியிருக்கும் சார். அதான் யாரும் எடுக்க மாட்றாங்க.”

எடுத்துப் பார்த்தேன். மனக்கணக்கு ஓடியது. நான் அடிப்பது தமிழ். எந்தக் கீபோர்டிலும் தமிழ் இல்லை. இல்லாத எழுத்துக்கு ஆங்கிலம் இருந்தால் என்ன, ஜெர்மன் இருந்தால் என்ன? அதே மாடல் கீபோர்டு, அதே சாக்கெட். ஆயிரத்து முன்னூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாற்றிய கதையைச் சொல்ல ஒன்றுமில்லை, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தேன், மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும் என்று. அடியில் கீபோர்டைப் பிடித்திருந்தவை இரண்டே திருகுகள். இட்லித் தட்டுக்கு வேலையே இல்லை. நிமிர்த்தி வைத்து, கீபோர்டைத் திரைப் பக்கமாக ஒரு தள்ளு தள்ளினால் முன் விளிம்பு மேலே வரும். மெதுவாகத் தூக்கி, அடியில் இருக்கும் ஒரே ஒரு ரிப்பனைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் கழன்றுவிடும். புதியதைச் செருகும்போது விரலால் அழுத்தியதும் டக் என்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும், வராவிட்டால் உட்காரவில்லை என்று அர்த்தம். பிறகு எல்லாம் வந்த வழியே திரும்ப. நடுவில் இருக்கும், மவுஸ்போலச் சுட்டியை நகர்த்தும் சிவப்புக் குமிழைப் பழையதிலிருந்து பிடுங்கிப் புதியதில் வைத்தேன், ஜெர்மன் குமிழ் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

இரவு விளக்கை அணைத்துவிட்டு எஃப்என் விசையோடு ஸ்பேஸ்பாரை அழுத்தினேன். வந்தது வெளிச்சம். வெள்ளையாக, சீராக, ஒவ்வொரு விசையின் ஓரத்திலும் கோடு போட்டதுபோல. மறுபடி அழுத்தினால் இன்னும் பிரகாசம். டிரைவர், மென்பொருள் எதையும் தேடவில்லை. 2003இல் ஆப்பிளின் 17 அங்குல பவர்புக்கில் இந்த வெளிச்சத்தை வைத்தபோது அது பணக்காரச் சங்கதி. எனக்கு எழுநூறு ரூபாயில் வந்து சேர்ந்தது. மனைவி தூங்கிக்கொண்டிருந்ததால் யாரிடமும் காட்ட முடியவில்லை.

சரி, வேலையை ஆரம்பிப்போம் என்று கடவுச்சொல்லை அடித்தேன். தவறு என்றது. மறுபடி, கவனமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து. தவறு. கேப்ஸ் லாக்கா? இல்லை. மூன்றாவது தடவையும் தவறு.

அப்புறம்தான் உறைத்தது. என் கடவுச்சொல்லில் ஒரு ஒய் உண்டு. ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறி இருக்கும். ஒய் என்று பளிச்சென எரியும் விசை கீழ் வரிசையில் இடது ஓரத்தில். நான் அதைத்தான் நம்பி அடிக்கிறேன். கணினிக்கோ விசையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, எந்த இடத்து விசை அழுந்தியது என்பது மட்டும்தான் தெரியும். ஆங்கிலக் கீபோர்டு என்று நான் அதற்குச் சொல்லி வைத்திருந்ததால் அந்த இடத்துக்கு அது இசட் போட்டது. இருட்டில் பார்க்கத்தான் இத்தனை பாடும். வெளிச்சம் வந்தது, காட்டிய எழுத்து பொய்.

பொய் அந்த ஒன்றோடு முடியவில்லை. கன்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஸ்ட்ர்க்’ என்று நான்கு மெய்யெழுத்தாக ஒரு வார்த்தை. டெலீட்டுக்கு ‘என்ட்ஃப்’. பிரின்ட் ஸ்கிரீனுக்கு ‘ட்ருக்’. நான் இருட்டில் தேடித் தேடி அடிக்கும் குறிகள்தான் மிக மோசம். ஷிஃப்ட்டோடு எட்டை அழுத்தினால் அடைப்புக்குறி என்று விசை சொல்கிறது, திரையில் நட்சத்திரக்குறி வருகிறது. எதற்காக வெளிச்சம் வாங்கினேனோ அந்தக் காரியம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அது உதவியது.

தமிழில் மட்டும் ஒரு பிசகும் இல்லை. ள இருக்கும் இடத்தில் இசட் எரிகிறது. ச இருக்கும் இடத்தில் யூ, தலையில் இரண்டு புள்ளியோடு. ந இருக்கும் இடத்தில் ஓ, அதற்கும் இரண்டு புள்ளி. ய இருக்கும் இடத்தில் ஏ, புள்ளிகளோடு. ஞ கூட்டல் குறியாகவும், ழ வெறும் இடைக்கோடாகவும் எரிகின்றன. விரல்கள் எதையும் சட்டை செய்யாமல் எழுதிக்கொண்டே போயின. அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. ஜெர்மனில் உயிரெழுத்தின் மேல் புள்ளி வைத்தால் அதன் ஒலி மாறும். நம் மொழியில் புள்ளி வைத்தால் உயிரே போய் மெய் மட்டும் மிஞ்சும். அந்தப் புள்ளிக்கு தமிழ்99இல் இடது ஆள்காட்டி விரல் உட்காரும் எஃப் விசை. இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க எல்லாக் கீபோர்டிலும் ஒரு சின்ன மேடு வைத்திருப்பார்களே, அதே விசை. தற்செயல்தான். ஆனாலும் விரல் நுனியில் ஒரு புள்ளி இடறுவது நன்றாக இருக்கிறது.

பழைய கீபோர்டு என்பதால் முன்பு வைத்திருந்தவரின் தேய்மானமும் கூடவே வந்திருந்தது. ஜெர்மன் மொழியில் அதிகம் புழங்கும் எழுத்து ஈ. அந்த விசை பளபளவென்று வழுக்குகிறது, கறுப்பு வண்ணம் ஒரு ஓரத்தில் மெலிந்து எழுத்துக்கு வெளியேயும் கொஞ்சம் ஒளி கசிகிறது. தமிழ்99இல் அதே விசை ஊ. தமிழில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை. அத்தனை வருடம் உழைத்த விசைக்கு என் வீட்டில் ஓய்வு. ஷிஃப்ட்டோடு அழுத்தினால் அதுவே ஜ, ஜெர்மனிக்கும் அதுதான் முதல் எழுத்து.

அந்த ஜ போடுவதில்தான் இன்னொரு தகராறு. ஐரோப்பியக் கீபோர்டில் இடது ஷிஃப்ட்டைப் பாதியாக வெட்டி, பக்கத்தில் கூடுதலாக ஒரு விசையைச் செருகியிருப்பார்கள். இடக்கை எழுத்துக்கு வலது ஷிஃப்ட்டை அழுத்த வேண்டும் என்பது தட்டச்சுப் பள்ளியின் பாலபாடம். நான் சோம்பேறி, எல்லாவற்றுக்கும் இடது ஷிஃப்ட்தான். ஜன்னல், ஜாதகம், ஹோட்டல் என்று வரும்போதெல்லாம் சுண்டுவிரல் அந்தக் கூடுதல் விசையில் போய் விழுந்தது. என்டரும் அப்படியே. இரண்டு வரிசை உயரத்துக்கு நெட்டையாக நிற்கிறது, ஆனால் விரல் போகும் வரிசையில் ஒரு விசை தள்ளி. பத்தி பிரிக்கப் போனால் நடுவில் ஒரு சாய்கோடு விழும். இரண்டு வாரத்தில் விரல் பழகிவிட்டது.

கடவுச்சொல்லுக்கு ஒரு வழி செய்தாக வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒய், இசட் இரண்டின் மூடிகளையும் கழற்றி இடம் மாற்றினேன். இரண்டும் ஒரே அளவு. விசைக்கு அடியில் கத்தரிக்கோல் மாதிரி குறுக்காக மடங்கும் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று இருக்கும், மூடி அதில் கொக்கி மாட்டி நிற்கிறது. நகத்தைக் கொடுத்து ஒரு ஓரத்திலிருந்து மெல்ல நெம்ப வேண்டும். இசட் அழகாக வந்தது. ஒய் வரும்போது ‘டிக்’ என்றது. பார்த்தால் நான்கு கொக்கியில் ஒன்று உடைந்து, ஒரு கடுகு அளவுத் துண்டு தரையில். மகள்தான் தேடி எடுத்துக் கொடுத்தாள். அதை வைத்து என்ன செய்வது? மூன்று கொக்கியில் மாட்டிவிட்டேன், வேலை செய்கிறது.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் காலையில் மனைவியிடம் பெருமையாகக் கேட்டேன், “இப்ப தொந்தரவே இல்லையில்ல? லைட்டே போடறதில்ல.”

“ஏங்க, லைட்டு எப்பங்க தொந்தரவா இருந்துச்சு? அந்த ஸ்கிரீன் வெளிச்சம்தான் சுவரெல்லாம் அடிக்குது. அதை ஏதாவது பண்ண முடியுமா பாருங்க.”

திரையின் பிரகாசத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றினேன். இரண்டு நிமிட வேலை, காசு செலவில்லை. ஸ்டிக்கர் ஒட்டி ஜெர்மன் எழுத்துகளை மறைத்துவிடலாமா என்றும் யோசித்தேன். ஸ்டிக்கர் ஒட்டினால் வெளிச்சமும் மறையும். விட்டுவிட்டேன்.

போன மாதம் அந்தத் திங்க்லைட்டை எரிய வைக்க முடியுமா என்று கேட்க லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். அதே பையன். திறந்து, விளக்கைப் போட்டு, கையால் மறைத்துப் பார்த்து, “லைட்டு செமையா இருக்குல்ல சார்” என்றான். பிறகு விசைகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான்.

“சார், இந்த ஒய் ஆடுது பாருங்க. இங்கிலீஷ் பீஸ் இப்ப வந்திருக்கு, மாத்திடலாமா?”

“அது ஒய் இல்லப்பா, ள” என்றேன். “பன்மை எழுதும்போது மட்டும்தான் ஆடும்.”